ஓடுகிற தண்ணீரை நடக்க வைப்பது: நீலகிரி ஓடையை ஊர் கூடி மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு வரிசைக்கு மேலே, சரிவில், ஆறடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினோம். அடியில் ஜல்லி, அதன்மேல் மணல், கூரைத் தண்ணீர் வந்து விழ ஒரு குழாய். சமவெளியில் எல்லாரும் செய்கிற மழைநீர்ச் சேகரிப்புதான். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் கீழ்வீட்டு அக்கா வந்து, "தம்பி, எங்க அடுப்படிச் சுவரு வேர்க்குது, வந்து பாரேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. பூச்சு உப்பிப்போய், விரல் வைத்ததும் ஈரமண்ணாகக் கையோடு வந்தது. அடுப்புக்குப் பின்னால் மயிரிழை போல ஒரு விரிசல், அதிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மழையிலேயே ஓடிப் போய்க் குழாயைப் பிடுங்கி ஓடைப் பக்கம் திருப்பினோம். அன்று இரவு அந்த வீட்டுக் குழந்தைகள் எங்கள் வீட்டில்தான் தூங்கினார்கள். மழை விட்ட பிறகு குழியை மண் போட்டு மூடினோம்.

அந்தச் சுவர் சொல்லிக் கொடுத்ததுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. மலையில் தண்ணீரைச் சரிவுக்குள் தேக்கக் கூடாது. அதன் வேகத்தைக் குறைக்கலாம், பரப்பி விடலாம், அழுக்கை வடிக்கலாம். நிற்க விடுவதென்றால் பள்ளத்தின் அடியில், சதுப்பில் மட்டும். ஓடுகிற தண்ணீரை நடக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதைச் செய்தால் மழைக்காலத்தில் கரை அரிப்பு குறையும், பங்குனியில் ஊற்றும் வற்றாமல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

முதல் வேலை: மழையில் நடப்பது

வெயில் நாளில் ஓடையைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். நல்ல மழை பெய்யும்போது ரெயின்கோட் போட்டுக்கொண்டு நாலைந்து பேராக மேட்டிலிருந்து கீழே இறங்குங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டிப் பழகியவர் ஒருவர், ஓடையில் துணி துவைக்கும் பெண்கள் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். படுகர் ஊர்களான ஹட்டிகளில் 'ஹள்ள' என்று சொல்லும் ஓடைகளுக்குப் பழைய பெயர்கள் இருக்கும். அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சதுப்பு இருந்த இடம் வீட்டுமனை ஆகியிருந்தாலும் பெயர் சில நேரம் காட்டிக்கொடுக்கும்.

பார்க்க வேண்டியவை: கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, ரோட்டோரக் கானில் வரும் தண்ணீர் எந்த இடத்தில் சரிவை நோக்கிப் பாய்கிறது, சிறுபாலங்களின் வாய் அடைத்திருக்கிறதா, பாத்ரூம் தண்ணீர் எங்கே கலக்கிறது, கரை எங்கே அறுத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் எந்த இடத்தில் கலங்கலாகிறது. கலங்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து கிராம நிர்வாக அலுவலகத்தில், நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டையும் அளவு காட்டும் புலப்படத்தையும் பாருங்கள். ஓடை புறம்போக்கு எவ்வளவு அகலம் என்று அதில் இருக்கும். தரையில் இருக்கும் அகலத்தோடு ஒப்பிட்டால் ஓடை எங்கே நெருக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். இதைச் சண்டைக்கான ஆயுதமாக எடுக்க வேண்டாம். பக்கத்து நிலக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் அவரோடு சேர்ந்து அளப்பதுதான் நல்லது. முதல் நாளே கோபித்துக்கொண்டவர் கடைசிவரை வர மாட்டார்.

இரண்டாவது: அளவு எடுப்பது

ஒரு நோட்டு, ஒரு 20 லிட்டர் வாளி, கைபேசியில் உள்ள நிறுத்துக்கடிகாரம் போதும். ஊற்று விழும் இடத்தில் வாளியை வையுங்கள். 40 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர், நாளைக்கு 43,200 லிட்டர். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே ஆள் அளக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஒரு கோடை அளவாவது கையில் இல்லாவிட்டால், பின்னால் எது பலன் கொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கூரைக்கு இன்னும் எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடிக் கூரை என்பது சுமார் 46 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு அதிலிருந்து ஏறத்தாழ 2,300 லிட்டர் இறங்கும். இருபது வீடு இருக்கும் வரிசை என்றால் 46,000 லிட்டர், அதுவும் ஒரே பக்கமாக.

இன்னொரு கணக்கும் போட வேண்டும். 2009 நவம்பர் 10 அன்று, உதகைக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மி.மீ. மழை பதிவானது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க நிலச்சரிவு ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே சின்னக் கூரையில் 820 மி.மீ. என்றால் 38,000 லிட்டர். எந்தத் தொட்டியும் அதைப் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும், கானுக்கும், தடுப்புக்கும் "நிரம்பிய பிறகு தண்ணீர் எந்த வழியாகப் போகும்?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் அதைக் கட்டவே வேண்டாம்.

மூன்றாவது: அனுமதி

இதில் அலட்சியம் வேண்டாம். நீலகிரியில் ஜேசிபி போன்ற இயந்திரங்களை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கற்பூர (யூகலிப்டஸ்) மரமோ சீகை (வாட்டில்) மரமோ, சொந்த நிலத்தில் இருந்தாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கேட்காமல் வெட்டக் கூடாது. ஓடை புறம்போக்கில் கல் அடுக்குவதற்கும் வருவாய்த் துறையிடம் சொல்லிவிடுங்கள். ஊராட்சித் தீர்மானத்தோடு வேளாண் பொறியியல் துறையை அணுகினால் மண், நீர்ப் பாதுகாப்புப் பணிகளுக்கான திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று தெரியவரும். இந்த வழிகாட்டியில் உள்ள வேலைகளுக்கு மண்வெட்டியும் கடப்பாரையும் போதும். இயந்திரம் வந்தாலே வெட்டு ஆழமாகிவிடும், மலையில் ஆழமான வெட்டு ஆபத்து.

நான்காவது: மேலிருந்து தொடங்குவது

ஓடையில் கைவைக்கும் முன் ஓடைக்கு வரும் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும். பல ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது. ஓடையின் இரண்டு பக்கமும் காங்கிரீட் சுவர் எழுப்பிவிட்டு, மேலே எதையும் தொடுவதில்லை. வழவழப்பான சுவரில் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கி, சுவர் முடியும் இடத்தில் கீழ் ஊர்க்காரரின் கரையைத் தின்னும். உதகை ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் நீரோடைக்கு இன்று 'கோடப்பமந்து கால்வாய்' என்றுதான் பெயர். ஓடையைக் கால்வாய் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் அதில் சாக்கடை விடுவது யாருக்கும் தப்பாகத் தெரிவதில்லை.

கூரைக்குத் தகரக் கானும் தொட்டியும் வையுங்கள். 1,000 லிட்டர் தொட்டி இருந்தாலே மழையின் முதல் வேகம் குறையும், துவைக்கவும் செடிக்கும் ஆகும். நிரம்பி வழியும் தண்ணீரை மண்ணில் விடாமல் குழாய் வழியாகப் பாறையோ கல்லோ உள்ள இயற்கைப் பள்ளம் வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள். வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் இருந்தால் அதில் கசிவுத் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று வருஷத்துக்கு இரண்டு தடவை கம்பி விட்டுப் பாருங்கள். துளை அடைத்த சுவர் மழையில் தண்ணீரின் எடையையும் சேர்த்துச் சுமக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய தோட்டக்காரர்களுக்கு 'லாக் அண்ட் ஸ்பில்' கான் தெரியும். சரிவுக்குக் குறுக்கே, சம மட்டத்தை ஒட்டி, மிக மெல்லிய சாய்வில் கான் வெட்டி, உள்ளே அங்கங்கே மண்ணை வெட்டாமல் குட்டித் தடுப்பாக விட்டுவிடுவது. தண்ணீர் இரண்டு தடுப்புக்கு இடையே உள்ள ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் தயங்கி, மண்ணை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த பெட்டிக்கு வழிந்து போகும். தடுப்பின் தலை, கானின் வெளிக்கரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு சரிவில் இறங்கிவிடும். மட்டம் பார்க்க மேஸ்திரியிடம் இருக்கும் லெவல் டியூப் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) போதும். பெட்டியில் சேர்ந்த வண்டலை அள்ளி மேல்பக்கத்துச் செடியின் தூரில் போடுங்கள். அது உங்கள் நிலத்து மேல்மண்.

கேரட், உருளை போடும் நிலங்களில் பாத்தி மேலிருந்து கீழாக ஓடினால் ஒவ்வொரு பாத்தி இடுக்கும் ஒரு குட்டி ஓடைதான். சரிவுக்குக் குறுக்கே பாத்தி பிடிக்க வேண்டும், நடுநடுவே ஒரு வரிசை தீவனப் புல் விட வேண்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று விவசாயிகள் பயப்படுவது நியாயம்தான். அதற்குத்தான் முழு மட்டமாகப் போடாமல், புல் முளைத்த வடிகாலை நோக்கி லேசான சாய்வு கொடுப்பது.

எங்கே கானும் வேண்டாம் குழியும் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தடி நடந்தால் மூன்றடிக்கு மேல் ஏற வேண்டிய சரிவு, கீழே வீடு இருக்கும் சரிவு, ஏற்கெனவே விரிசல் விட்ட நிலம், சாய்ந்த மரங்கள் நிற்கும் இடம், ரோட்டுக்காக வெட்டிய மேட்டின் தலைப்பகுதி. இங்கெல்லாம் புல்லும் புதரும் மூடியிருக்கட்டும், தண்ணீரை ஓரமாகக் கடத்திவிடுங்கள்.

ஐந்தாவது: அறுத்த பள்ளத்தில் கல் அடுக்குவது

மழையில் மட்டும் தண்ணீர் ஓடும் சிறு பள்ளங்களுக்குத்தான் கல் தடுப்பு. வருஷம் முழுக்க ஓடும் ஓடையின் குறுக்கே இதைக் கட்ட வேண்டாம்.

உயரம் இரண்டடிக்கு மேல் போக வேண்டாம். இடைவெளிக்கு ஒரே விதி: கீழ்த் தடுப்பின் தலையும் மேல் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நூறடிக்கு இருபதடி இறங்கும் பள்ளத்தில் இரண்டடித் தடுப்பு என்றால் பத்தடிக்கு ஒன்று வரும். அடியில் ஒரு அடி தோண்டிப் பெரிய கல்லை உட்கார வையுங்கள். இரண்டு பக்கக் கரைக்குள்ளும் ஒன்றரை அடி வரை கல் நுழைந்திருக்க வேண்டும். நடுப்பகுதி ஓரங்களைவிட அரையடியாவது தாழ்வாக இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் தண்ணீர் விழும் இடத்தில் தட்டைக் கல் பரப்ப வேண்டும். சிமென்ட் தேவையே இல்லை. இடுக்கில் தண்ணீர் கசிந்து போவதுதான் நமக்கு வேண்டும்.

நாங்கள் முதலில் கட்டிய தடுப்பில் நடுவில் கல் கூம்பி நின்றது. பார்க்க அழகாக இருக்கிறதென்று அப்படியே விட்டோம். அடுத்த மழையில் தண்ணீர் இரண்டு ஓரமாகவும் பிரிந்து போய்க் கரையை அரித்தது. தடுப்பு அப்படியே நின்றது, ஆனால் பள்ளம் இரண்டு மடங்கு அகலமாகிவிட்டது. அடுத்த தடவை கல் அடுக்கி முடித்ததும் இரண்டு குடம் தண்ணீரை மேலே இருந்து ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் நடுவில் இறங்குகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சிறுபாலத்தின் வெளிவாயையும் இதே மாதிரி கவனியுங்கள். ரோட்டின் மொத்தத் தண்ணீரும் ஒரே குழாயில் வந்து சரிவில் குதிக்கும் இடம் அது. அங்கே பெரிய கற்களால் ஒரு தொட்டி போலக் கட்டி, வேகம் அடங்கிய பிறகு அகலமாகப் பரவ விட வேண்டும்.

ஆறாவது: அழுக்கை ஓடைக்கு முன்பே பிடிப்பது

கக்கூஸ் தண்ணீர் ஓடைக்கு வரவே கூடாது. அதற்குச் சரியாகக் கட்டிய செப்டிக் டேங்க் வேண்டும், நிறைந்தால் வண்டி வைத்து எடுக்க வேண்டும். உறிஞ்சுகுழி ஊற்றுக்கு மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மாற்றுவதுதான் ஊரின் முதல் செலவாக இருக்க வேண்டும்.

குளியலறை, சமையலறைத் தண்ணீருக்குச் செடிப்படுகை நல்ல வழி. முதலில் எண்ணெயும் சோற்றுப்பருக்கையும் தங்க ஒரு சின்னத் தொட்டி. அதைத் தாண்டி இரண்டடி ஆழத்தில், அடியில் தண்ணீர் இறங்காதபடி தார்ப்பாயோ சிமென்ட்டோ போட்ட நீளமான பள்ளம், அது நிறைய முக்கால் அங்குல ஜல்லி, அதில் கல்வாழையும் கோரையும். ஆளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே குளிர் அதிகம், கிருமிகள் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் பெரிய அளவையே எடுப்பது நல்லது. தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழேயே ஓட வேண்டும். மேலே தெரிந்தால் கொசு வரும். முன்தொட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அள்ளாவிட்டால் ஜல்லி அடைத்துக்கொண்டு நாறும், அப்புறம் ஊரில் யாரும் இந்தப் பேச்சையே எடுக்க விட மாட்டார்கள்.

ஏழாவது: ஓடைக்கு இடம் விடுவது

எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய, நன்றாக இருக்கும் ஓடை ஒன்றைப் போய்ப் பாருங்கள். கோத்தகிரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு லாங்வுட் சோலை என்ற இயற்கைக் காடு இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், ஆனால் கீழே உள்ள பல கிராமங்களின் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. 2024-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த மாதிரிச் சோலைக்குள் ஓடை நேராக ஓடாது. கல், சின்னக் குட்டை, மறுபடி கல் என்று படிக்கட்டு போல இறங்கும். விழுந்த மரக்கட்டை குறுக்கே கிடக்கும், அதன் பின்னால் இலைக்குப்பை சேர்ந்திருக்கும். நாம் குப்பை என்று நினைத்து வாரிவிடும் அந்த இலைகள்தான் ஓடைப் பூச்சிகளுக்குச் சாப்பாடு. உங்கள் ஓடையிலும் பெரிய கற்களைப் படிப்படியாக உட்கார வைத்தால் தண்ணீர் விழுந்து விழுந்து களைத்துப் போகும். சிறுபாலத்துக்கு மேல்பக்கம் மட்டும் கட்டைகளை அகற்றிவிடுங்கள், அடைப்பு வந்தால் ரோடே போய்விடும்.

கரையில் இரண்டு பக்கமும் பத்து மீட்டர் விட்டால் நல்லது. அரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. மூன்று மீட்டர் கேளுங்கள். அதிலும் மாட்டுத் தீவனப் புல் போட்டு அறுத்துக்கொள்ளட்டும். உரமும் பூச்சிமருந்தும் மட்டும் அந்த மூன்று மீட்டரில் படக் கூடாது.

நடுவதற்கு நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், காட்டுப்பூவரசு, தவிட்டுப்பழம், நீர் ஓரத்தில் பெரணிகளும் கோரையும். ஆற்றுப்பாலை வளரும் மலை உயரத்தில் இருந்தால், அதன் போத்தையே (கிளைத் துண்டை) வெட்டிக் கரையில் அடித்தால் வேர் பிடிக்கும். சோலை மரம் மெதுவாகத்தான் வளரும், முதல் இரண்டு மூன்று வருஷம் பனியிலிருந்து காப்பாற்றக் கொஞ்சம் நிழல் வேண்டும். அதனால் கரையில் உள்ள சீகையை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். அனுமதி வாங்கி, வருஷத்துக்குக் கொஞ்சமாக எடுத்து, வேரைத் தோண்டாமல் விட்டு, துளிரையும் முளைத்து வரும் கன்றுகளையும் விடாமல் பிடுங்க வேண்டும். மண்ணில் இருக்கும் சீகை விதை பல ஆண்டு கழித்தும் முளைக்கும். கரையில் அழகுக்காக வைத்த வெள்ளை லில்லியும் அப்படித்தான், ஓடையோடு இறங்கிச் சதுப்பை மூடிவிடும்.

புல்வெளி இருந்தால் அதில் மரம் நடாதீர்கள், தயவுசெய்து. கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை உதகை மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் 1960-களின் கடைசியிலிருந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புல்வெளியில் கற்பூர மரம் நட்ட பிறகு முதல் பத்து வருஷத்தில் ஓடைக்கு வரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி மறுபடி துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம்.

எட்டாவது: சதுப்பு

தண்ணீர் நிற்க வேண்டிய இடம் இது. பள்ளத்தாக்கின் அடியில், கால் வைத்தால் மெத்தை போல அமுங்கும் கறுப்பு மண். நீலகிரியின் சில சதுப்புகளில் இந்தக் கரிமண் 20,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் படிந்தது. அதை நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டி வடித்து முட்டைக்கோஸ் போட ஒரு வாரம் போதும்.

வடித்த சதுப்பை மீட்க அந்த வாய்க்காலை அடைத்தாலே பெரும்பாலும் போதும். மேல் முனையிலிருந்து தொடங்கி, அங்கேயே வெட்டிய புல்லோடு கூடிய மண்கட்டிகளை வைத்து, பத்துப் பதினைந்தடிக்கு ஒரு அடைப்பு. அடைப்பின் தலை சுற்றியுள்ள தரையைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தால் தண்ணீர் வாய்க்காலை விட்டுப் புல்மேல் பரவும். எருமை நடமாட்டத்தை முதல் வருஷம் மட்டும் கட்டுப்படுத்துங்கள். கோரை தானாகவே திரும்பி வரும், நட வேண்டியதில்லை. குளமாகத் தோண்டிப் படகு விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். தோண்டினால் கரிமண் காய்ந்து, சுருங்கி, கரைந்து போகும்.

ஒன்பதாவது: பராமரிப்பு

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பெரிது, கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு. உங்கள் பெருமழைக்கு ஒரு மாதம் முன்பே கான், சிறுபாலம், கசிவுத் துளை, கல் தடுப்பு எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்து முடிக்க வேண்டும். யார் எந்த இடம் என்று பெயர் எழுதி டீக்கடையில் ஒட்டிவிடுங்கள். பொதுவாக "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்ட இடம்தான் அடைத்துக்கொள்ளும்.

பெருமழை நாளில் வேலை செய்யப் போகாதீர்கள். தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கினாலோ, புது இடத்தில் தண்ணீர் கொப்பளித்தாலோ, தரையில் புது விரிசல் கண்டாலோ, ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைந்தாலோ, கதவு நிலையில் சிக்கினாலோ வீட்டைக் காலி செய்துவிட்டு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள். மழை விட்ட பிறகு போய்ப் பாருங்கள்.

ஓடை தேறுகிறதா என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நாலு கல்லைப் புரட்டி, அடியில் இருப்பதை எண்ணச் சொல்லுங்கள். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் இன்னும் சாக்கடை வருகிறது என்று அர்த்தம். தட்டான் புழு, நண்டு, தலைப்பிரட்டை வந்தால் நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அதே நோட்டின் எதிர்ப்பக்கத்தில் மார்ச் மாத வாளிக் கணக்கு: இடம், நாள், எத்தனை நொடி, கடைசியாக மழை பெய்தது எப்போது.